இடம் முதல்ல, சட்டம் அப்புறமா?

2022 ஆகஸ்ட்: சென்னையின் இரண்டாவது விமான நிலையம் பரந்தூரில் என்று அறிவிப்பு. 2023 ஏப்ரல் 21: சட்டமன்றக் கூட்டத்தொடரின் கடைசி நாளில், விவாதமே இல்லாமல், தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) மசோதா நிறைவேற்றம்.

இந்த வரிசையைக் கொஞ்சம் பாருங்க தோழர்களே! இடத்தைக் குறிச்சாச்சு. அங்க ஏரியும் கால்வாயும் குறுக்க நிக்குது. இடத்தை மாத்தணுமா, சட்டத்தை மாத்தணுமா? இவங்க சட்டத்தை மாத்திட்டாங்க.

பரந்தூருக்காகக் கொண்டு வரலைன்னு சொல்வாங்க. அப்படின்னா இன்னும் மோசம். 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலம், அதுக்குள்ள நீர்நிலை, அரசு பார்த்து 'சிறப்புத் திட்டம்'னு அறிவிச்சா போதும். தமிழ்நாட்டில் எந்த ஊர் ஏரியும் இதில் சிக்கலாம்.

கேட்டால், ஏரியின் கொள்ளளவு குறையாது என்கிறார்கள். ஏரின்னா என்ன, மாடியில வச்ச தண்ணித் தொட்டியா, நகர்த்தி வைக்க? வரத்துக் கால்வாய், கலங்கல், மதகு, கீழே ஆயக்கட்டு எல்லாம் சேர்ந்ததுதான் ஏரி. மேல் ஏரி நிரம்பி கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போற தண்ணி, நிலத்தோட சரிவைப் பார்த்துத்தான் ஓடும். அரசாணையைப் பார்த்து ஓடாது. பரந்தூர்ப் பகுதியில் ஓடும் கம்பன் கால்வாய் பல ஏரிகளைத் தொட்டுக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் ஏரிக்குப் போகிறது. நடுவில் ஓடுபாதை போட்டால் அந்தத் தண்ணி எந்தத் தெருவுக்குள்ள போகும்? 2015 டிசம்பரை அதுக்குள்ள மறந்துட்டாங்களா?

1971-லேயே நம்மிடம் நகர் ஊரமைப்புச் சட்டம் இருக்கு. எங்கே குடியிருப்பு, எங்கே தொழிற்சாலை, எங்கே விவசாயம்னு வட்டார அளவில் முதலில் திட்டம் போடு, மக்கள் பார்வைக்கு வை, ஆட்சேபணை கேள், அப்புறம் மண்வெட்டியை எடு. முறை இதுதான். இங்கே மண்வெட்டிதான் முன்னாடி போகுது. ஏகனாபுரம் கிராம சபை எத்தனை முறை எதிர்த்துத் தீர்மானம் போட்டது! ஒன்றையாவது மதித்தார்களா?

விமான நிலையமே வேண்டாம்னு நாங்க சொல்லல. ஏரிகளின் மேல் வேண்டாம் என்கிறோம். நில ஒருங்கிணைப்புச் சட்டத்தை உடனே திரும்பப் பெறு! மாற்று இடங்களை எப்படி ஒப்பிட்டீர்கள், பரந்தூரை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள் என்பதை முழுசா, தமிழில், ஒவ்வொரு கிராம சபையிலும் வந்து வை!

#ஏரியைத்_தொடாதே #பரந்தூர்