‘வாயக் கட்டு’ என்பது வைத்தியமா?

கோவில்பட்டிப் பக்கம் ஒருவருக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்துவிட்டால், மாத்திரைக்கு முன்னால் வசவு வந்துவிடும். “வாயக் கட்டுனாத்தான?” மகன் சொல்வான், மருமகள் சொல்வாள், ரத்தம் எடுக்கிறவர் சொல்வார், சீட்டைப் புரட்டிக்கொண்டே டாக்டரும் சொல்வார். கால்விரல் ஒன்றை எடுத்துவிட்டு வீட்டில் கிடக்கிறவரைப் பார்க்க வருகிற சொந்தக்காரர், வாசலில் செருப்பை மாட்டும்போது மெதுவாகச் சொல்வார்: “கண்டதையும் தின்னு அவரா இழுத்துக்கிட்டதுதான.”

இந்த வசவு அக்கறையின் இன்னொரு முகம் என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். இது வைத்தியத்துக்குக் குறுக்கே நிற்கிறது என்று நான் சொல்கிறேன். சர்க்கரை கட்டுக்குள் வராத பலரிடம் இன்னொரு நோயும் சேர்ந்து இருக்கிறது. அதன் பெயர் மனச்சோர்வு. அதைக் கேட்பாரில்லை. திட்டுவது அதை இன்னும் ஆழத்தில் தள்ளுகிறது.

இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை. சென்னையில் நடந்த ‘கியூர்ஸ்’ ஆய்வின் ஒரு பகுதி 2011-இல் வெளியானது. விழித்திரை பாதிக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளில் 35 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. விழித்திரை நன்றாக இருந்தவர்களில் 21 சதவீதம். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களில் 35.6, மற்றவர்களில் 24.5. காலுக்குப் போகும் ரத்தக்குழாய் அடைபட்டவர்களில் 48 சதவீதம், கிட்டத்தட்ட பாதிப் பேர். அடைப்பு இல்லாதவர்களில் 27. எது முதலில் வந்தது என்று இந்த மாதிரி ஆய்வு சொல்லாது. ஆனால் உடம்பு சிதைகிற இடத்தில் மனசும் சிதைந்திருக்கிறது என்பதை இதற்குமேல் தெளிவாகச் சொல்ல முடியாது.

எது முதல் என்ற கேள்விக்கும் ஓரளவு பதில் இருக்கிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணத்தில் சர்க்கரை நோயாளிகளைச் சில ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். தீவிர மனச்சோர்வு இருந்தவர்களுக்குப் புதிதாகக் கால்புண் வரும் வாய்ப்பு இரண்டு மடங்கு இருந்தது. லண்டனில் முதன்முதலாகக் கால்புண் வந்த 253 பேரைப் பின்தொடர்ந்தபோது, மனச்சோர்வு இருந்தவர்கள் ஒன்றரை வருடத்துக்குள் இறப்பது ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. சோர்வு புண்ணுக்கு வழி விடுகிறது, புண் சோர்வைக் கூட்டுகிறது. செக்குமாடு மாதிரி ஒரே சுற்று.

இந்தச் சுற்று கரிசலில் எப்படி ஓடும் என்று யோசித்துப் பாருங்கள். கோடையில் காடு வெடித்துக் கிடக்கிறது. வரப்பெல்லாம் சீமைக் கருவேல முள். சர்க்கரையால் நரம்பு செத்த பாதத்துக்கு முள் குத்தியதும் தெரியாது, தரை சுட்டதும் தெரியாது. அதனால்தான் தினமும் ராத்திரி பாதத்தைத் திருப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். சரிதான். ஆனால் “எதுக்கு இருக்கோம்னே தெரியல” என்று சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பாரா? தன் உடம்பைப் பார்த்துக்கொள்ள, அது பார்த்துக்கொள்ளத் தக்கது என்ற எண்ணம் முதலில் வேண்டும். மனச்சோர்வு களவாடுவது அந்த எண்ணத்தைத்தான். மாத்திரை டப்பா நிரம்பியே இருக்கும். நடை நின்றுபோகும். சாப்பாடு ஒருநாள் இருக்காது, மறுநாள் அளவில்லாமல் போகும். போதாக்குறைக்கு, மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹார்மோனே ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றிவிடும். அப்புறம் மூன்று மாதச் சராசரி கூடிவிட்டது என்று மறுபடியும் வசவு.

தீப்பெட்டி வேலைக்குப் போகிற ஒரு அக்காவை எடுத்துக்கொள்ளுங்கள். குனிந்து உட்கார்ந்தே வேலை. செய்த உருப்படிக்குத்தான் கூலி. சர்க்கரை பார்க்கப் போனால் வெறும் வயிற்றில் ஒரு ரத்தம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு ரத்தம், பிறகு மாத்திரை வரிசை. அன்றைய கூலி போச்சு. இத்தனைக்கும் பிறகு கிடைப்பது “சொன்னாக் கேக்க மாட்டீங்க” என்ற ஒரு வரி. அடுத்த மாதம் அந்த அக்கா போகவில்லை என்றால் அதற்குப் பெயர் அலட்சியமா? ஆண்கள் கதை வேறு மாதிரி. சர்க்கரையால் ஆண்மைக் குறைவு வரும் என்பது மருத்துவம் நன்கறிந்த விஷயம். அதை டாக்டரிடமும் சொல்லாமல், பெண்டாட்டியிடமும் பேசாமல், டாஸ்மாக்கில் உட்கார்ந்திருக்கிறவரையும் நாம் ‘திருந்தாத ஜென்மம்’ கணக்கில் எழுதிவிடுகிறோம்.

“டிப்ரஷன் எல்லாம் டவுன்காரன் வியாதி, உழைக்கிறவனுக்கு ஏதுப்பா” என்று ஒரு வாதம் உண்டு. டவுனிலேயே அது பொய். சென்னையில் நடந்த அதே கியூர்ஸ் ஆய்வில், குறைந்த வருமானக்காரர்களிடம் மனச்சோர்வு 19.3 சதவீதம், அதிக வருமானக்காரர்களிடம் 5.9. காசில்லாதவனுக்குத்தான் இது அதிகம் வருகிறது, கூப்பிட ஒரு பெயர்கூட இல்லாமல் வருகிறது. நம் ஊரில் யாரும் “எனக்கு மனச்சோர்வு” என்று சொல்வதில்லை. “மனசு விட்டுப்போச்சு”, “ஒண்ணும் ஓடல”, “ஒரே அசதி” என்பார்கள். அசதி என்றால் சர்க்கரை என்று எழுதிவிடுவார்கள். தூக்கம் இல்லையா, அதுவும் சர்க்கரை. இரண்டு நோய்க்கும் அறிகுறி ஒன்றாக இருப்பதால் ஒன்று மற்றதற்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

இன்னொரு வாதம் நம்மைப் போல் வாசிக்கிறவர்களிடமிருந்து வருகிறது. கம்பங்கூழும் குதிரைவாலியும் இருந்தவரை கரிசலில் நோயில்லை, ரேஷன் அரிசி வந்து கெடுத்தது, பழையபடி தின்றால் சரியாகிவிடும் என்கிற ஏக்கம். சிறுதானியம் நல்லதுதான், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் மானாவாரி நிலத்தில் கம்பு குறைந்ததற்கு மழை, விலை, ஆள்கூலி என்று ஆயிரம் காரணம் இருக்க, பழியை மட்டும் நோயாளியின் தட்டில் வைக்கிற வேலையை இந்த ஏக்கம் செய்கிறது. ‘வாயக் கட்டு’ என்பதன் படித்த வடிவம் இது.

உடம்புக்கு ஒரு வாசல், மனசுக்கு ஒரு வாசல் என்ற பிரிவினை மருந்துக் கடையிலேயே இல்லை. சர்க்கரையால் பாதம் எரிகிறவர்களுக்கு அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின் என்ற மாத்திரைகளை எழுதுகிறார்கள். இரண்டுமே மனச்சோர்வுக்காகவும் கொடுக்கப்படுபவை. பாத எரிச்சலுக்கு என்றால் கூச்சமில்லாமல் வாங்கி விழுங்குகிறோம். அதையே மனசுக்கு என்று சொன்னால் “நான் என்ன பைத்தியமா?” என்று சீட்டைக் கிழிக்கிறோம்.

சரி, மனநல மருத்துவருக்கு எங்கே போவது? ஊருக்கு ஒருவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சென்னை, பெங்களூரு, டெல்லி, விசாகப்பட்டினம் ஆகிய இடங்களில் நான்கு சர்க்கரை சிகிச்சை மையங்களில், இரண்டு நோயும் சேர்ந்திருந்த 404 பேரிடம் ‘இன்டிபென்டன்ட்’ என்ற ஆய்வு நடந்து, 2020-இல் முடிவுகள் வந்தன. டாக்டர் அல்லாத ஒருங்கிணைப்பாளர்கள் நோயாளிகளோடு தொடர்ந்து பேசினார்கள், நிபுணர்கள் பின்னாலிருந்து வழிகாட்டினார்கள். இரண்டு வருடம் கழித்து, மனச்சோர்வு பாதியாகக் குறைந்து, கூடவே சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு இவற்றில் ஒன்றாவது தேறியவர்கள் 71.6 சதவீதம். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 57.4. அது நகரத்து மையங்களில் நடந்ததுதான். ஆனால் அங்கே வேலை செய்தது பேச்சும் தொடர்ச்சியும். அவை கோவில்பட்டியில் விளையாத பொருள்கள் அல்ல.

வீட்டுக்கு வருகிற ஆளும் ஏற்கெனவே இருக்கிறார். 2021 ஆகஸ்ட் 5-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் வாசலுக்கே கொண்டுவருகிறது. இந்தியாவில் இதைவிட நல்ல காரியம் அதிகம் நடந்ததில்லை. அந்த வாசலில் இரண்டு கேள்வி கட்டாயமாகக் கேட்கப்பட வேண்டும், சர்க்கரை அளவைப் போலவே பதியப்பட வேண்டும் என்பதுதான் என் கோரிக்கை. “ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டாம இருக்கா தாயி? மனசு விட்டுப்போன மாதிரி இருக்கா?” உலகமெங்கும் முதல்கட்டமாகக் கேட்கப்படும் கேள்விகள் இவைதான். ஆமாம் என்றால் மேலும் கேட்க ஒன்பது கேள்விப் படிவம் இருக்கிறது. சாகணும்போல இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அன்றைக்கே கவனிக்க வேண்டும். 104-க்கோ 14416-க்கோ கட்டணமில்லாமல் பேசலாம். இதைச் செய்ய அந்தப் பெண் ஊழியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், கூடுதல் வேலைக்குக் கூடுதல் சம்பளமும் தர வேண்டும். சும்மா தலையில் கட்டினால் கேள்வி கேட்காமலே ‘இல்லை’ என்று நிரப்பிவிடுவார்கள், அவர்கள்மேல் குற்றமும் இருக்காது.

அரசாங்கம் செய்கிற வரைக்கும் வீட்டில் செய்ய ஒன்று உண்டு. இதை வாசிக்கிற பலருடைய அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சர்க்கரை இருக்கும். போனில் “சுகர் எவ்ளோம்மா இருக்கு?” என்று கேட்கிறோம். எண் கூடியிருந்தால் கத்துகிறோம். அடுத்த தடவை எண்ணைக் குறைத்துச் சொல்ல அவர்களுக்கு நாமே சொல்லிக்கொடுத்துவிட்டோம். இந்த வாரம் எண்ணைக் கேட்காமல், ராத்திரி தூங்கினாயா, யாரிடமாவது பேசினாயா என்று கேளுங்கள். பதில் வர நேரமாகும். போனை வைத்துவிடாதீர்கள்.