நெஞ்சக சிடி ஸ்கேனைத் தொலைவிலிருந்து வாசித்தல்: சங்கத்தின் நிலைப்பாடு

கொரோனா பரவலின்போது, 2021 மே 3 அன்று, புதுதில்லி எய்ம்ஸின் அப்போதைய இயக்குநர் ரன்தீப் குலேரியா, ஒரு சிடி ஸ்கேன் 300 முதல் 400 மார்பு எக்ஸ்ரேக்களுக்குச் சமம் என்று கூறியதும், அது பழைய காலத்துக் கணக்கு என இந்தியக் கதிரியக்கவியல் சங்கம் மறுத்ததும் உறுப்பினர்கள் அறிந்தவையே. கதிர்வீச்சைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை: வழக்கமான மார்பு சிடியில் உடல் ஏற்பது சுமார் 7 மில்லிசீவர்ட், குறைகதிர் முறையில் சுமார் 1.5, இயற்கையிலிருந்தே ஒருவர் ஆண்டுதோறும் பெறுவதன் உலகச் சராசரி 2.4. தேவையின்றி எடுக்க வேண்டாம், தேவையெனில் அஞ்ச வேண்டாம். அந்த விவாத இரைச்சலில், தாமிரபரணிக் கரை ஊர்களை உண்மையில் வாட்டிய கேள்வி காணாமற்போனது என்பதே செயற்குழுவின் வருத்தம். படம் ஓரிடத்தில் எடுக்கப்பட்டு, வாசிப்பவர் வேறிடத்தில் இருக்கும்போது, அந்த வாசிப்பை மட்டும் நம்பி ஒருவருக்குக் கொரோனா என்று முடிவுகட்டலாமா?

தொலைவாசிப்பை நம் சங்கம் எதிர்க்கவில்லை. கதிரியக்கவியல் மருத்துவர்களில் பெரும்பாலோர் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு மருத்துவமனைப் பகுதியைச் சுற்றியே இருக்க, மாஞ்சோலையிலும் ஊத்திலும் மூச்சுத்திணறிய தோட்டத் தொழிலாளர் மலையிறங்கி அம்பாசமுத்திரம் வந்து சேரவே பொழுது போய்விட்ட நிலையில், நள்ளிரவில் எடுத்த ஸ்கேனை வெளியூர் மருத்துவர் ஒருவர் வாசித்துத் தருவது வரவேற்கத்தக்கதே. ஆனால் எதை வாசிக்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

ஒரு மார்பு சிடி என்பது மில்லிமீட்டர் கணக்கில் நறுக்கிய நூற்றுக்கணக்கான வெட்டுப்படங்களின் தொகுப்பு. அதை டைகாம் என்னும் மூலக்கோப்பாக அனுப்பினால், வாசிப்பவர் நுரையீரலுக்கும் இதயத்தைச் சூழ்ந்த பகுதிக்கும் தனித்தனியாக வெளிச்சத்தை மாற்றி, ஒவ்வொரு வெட்டையும் நகர்த்திப் பார்க்கலாம். அவற்றிலிருந்து டெக்னீஷியன் தேர்ந்தெடுத்த சில படங்களே பிலிமில் அச்சாகின்றன. அந்தப் பிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப்பிடித்துச் செல்போனில் படமெடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, பத்து நிமிடத்தில் நோய்த்தீவிர ‘ஸ்கோர்’ கேட்பது 2021 இன் அந்த வாரங்களில் வழக்கமாகியிருந்தது. செல்போன் வெளிச்சம் பட்டுப் பிலிமில் விழும் வெள்ளைப் பொட்டும், கிருமி நுரையீரலில் உண்டாக்கும் மங்கல் கண்ணாடி போன்ற படலமும் அந்தச் சிறு திரையில் ஒன்றுபோலவே தெரியும். மூச்சை அடக்க முடியாத நோயாளியின் மார்பு அசைந்தாலும், மூச்சை வெளியே விட்ட நிலையில் ஸ்கேன் ஓடினாலும் அதே மங்கல் தோன்றும். பாதுகாப்பு உடைக்குள் வியர்த்து நின்று அதைக் கண்ணால் பார்த்த டெக்னீஷியனிடம் ஒரு வார்த்தை கேட்க எவரும் முன்வரவில்லை. நோயாளி முக்கூடலிலோ ஆலங்குளத்திலோ பல ஆண்டுகளாகப் பீடி சுற்றுபவரா, முன்பு காசநோய் வந்தவரா, இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோத்தவரா, காய்ச்சல் தொடங்கி எத்தனை நாள், விரலில் மாட்டிப் பார்த்த ஆக்சிஜன் அளவு என்ன என எதுவும் தெரியாமல், பெயரும் பதிவு எண்ணும் இல்லாமல் வந்து சேரும் இரண்டு வரிக்கு அறிக்கை என்று பெயர் வைத்திருப்பது மருத்துவத்துக்கே இழுக்கு. ‘இழுக்கு’ என்னும் சொல் கடுமையானது எனச் சில உறுப்பினர்கள் கருதினர். நீக்க வேண்டாம் எனப் பெரும்பான்மையினர் முடிவுசெய்தனர்.

மூலக்கோப்பு முழுமையாக வந்தாலும் படத்தின் எல்லை படத்தின் எல்லையே. நெதர்லாந்துக் கதிரியக்கவியல் சங்கம் 2020 இல் வகுத்த கோ-ராட்ஸ் அளவுகோல், கொரோனாவாக இருக்கக்கூடிய ஐயத்தைப் படிப்படியாகக் குறிப்பது. அதில் படத்தைப் பார்த்து அதிகபட்சமாக 5 வரைதான் தர முடியும், 6 என்பது ஆர்டி-பிசிஆர் சோதனையில் உறுதியானவர்களுக்கே உரியது. அறிகுறி தோன்றிய முதல் இரண்டு நாளில் எடுத்த சிடியில் பாதிக்கு மேற்பட்டவை இயல்பாகவே இருந்ததைச் சீன நோயாளிகளிடம் 2020 இல் நடந்த ஆய்வு காட்டியது. ஆகவே, படம் சுத்தமாக இருக்கிறது என்ற சொல்லை நம்பி ஒருவர் வீட்டாரோடு கலந்து உண்பதும், பரிசோதனை முடிவு வராத இன்னொருவர் படத்தால் மட்டுமே ‘பாசிட்டிவ்’ ஆவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். 2021 மே 8 அன்று மத்திய அரசு, பரிசோதனை முடிவு இல்லாதவரையும் ஐயத்துக்குரியவராகச் சேர்த்துச் சிகிச்சை தரலாம் என்று அறிவித்தபின், மருத்துவமனைப் படுக்கைக்காகப் படத்தால் நோயை ‘உறுதி’செய்ய வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் தலா 5 என 25க்குக் கணக்கிடும் தீவிர ஸ்கோர் நோயின் பரவலைக் குறிப்பதேயன்றி நோயின் பெயரைச் சொல்வதன்று. அந்த எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு உறவினர்கள் ரெம்டெசிவிர் மருந்தைத் தேடி அலைந்தார்கள். அம்மருந்தை மருத்துவமனை நோயாளிகளுக்குப் பரிந்துரைக்க இயலாதென உலக சுகாதார நிறுவனம் 2020 நவம்பரிலேயே கூறியிருந்தது.

பெங்களூரு ஆர்ட்பார்க் அமைப்பின் ‘எக்ஸ்ரேசேது’ என்னும் சேவை வாட்ஸ்அப் படத்தையும் ஏற்றதே என்போருக்கு: அது தெளிவு குறைந்த எக்ஸ்ரே படத்துக்கென்றே வடிவமைக்கப்பட்டது, சிடிக்கு அன்று.

இனி மூலக்கோப்பும், நோய்க்குறிப்பும், வாசித்தவரின் பெயரும் பதிவு எண்ணும் இல்லாத அறிக்கையை ஏற்கவோ எழுதவோ வேண்டாமென உறுப்பினர்களைச் சங்கம் கேட்டுக்கொள்கிறது. நோயாளியை அவசரமாக வேறு மருத்துவமனைக்கு மாற்றுவதற்காகச் செல்போன் படத்தைப் பார்த்து வாய்மொழியாகக் கருத்துச் சொல்வது, சூழலைப் பொறுத்து, அவரவர் பொறுப்பு. அதில் ஸ்கோர் தரக்கூடாது. பிழைநேர்ந்தால் சட்டப்பொறுப்பு அனுப்பியவருக்கா வாசித்தவருக்கா என்பதில் ஒருமித்த கருத்து எட்டப்படாததால் அது பொதுக்குழுவுக்கு விடப்படுகிறது. ஆனால் ஆக்சிஜன் 90க்குக் கீழே இறங்கியவரை ‘ஸ்கோர் குறைவு’ எனத் திருப்பியனுப்புவதை எந்தப் பொதுக்குழுவும் விவாதிக்க வேண்டியதில்லை.