சிரிப்புக்குப் பின்னால் வருவது

சந்தையிலே மருந்து விற்பவன் முதலில் வேடிக்கை காட்டிக் கூட்டத்தைச் சேர்ப்பான். பின்னரே தன் பையைத் திறப்பான். தொலைக்காட்சி வந்தபின் அந்த வேடிக்கை காட்டும் பணியைச் சித்திரப் பாத்திரங்கள் ஏற்றுக்கொண்டன. அவை நமக்கு விற்பது பொருளை மட்டுந்தானா என்பது பெற்றோர் சிந்திக்க வேண்டிய வினா. இதற்கு இத்தாலி நாட்டின் அனுபவம் நல்லதோர் உதாரணம்.

அந்நாட்டுத் தொலைக்காட்சியில் 1957ஆம் ஆண்டு பெப்ரவரி 3ஆந் திகதி 'கரொசெல்லோ' என்னும் விளம்பர நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. இரவு ஒன்பது மணிக்குச் சற்று முன்னர் வரும் இந்நிகழ்ச்சியைப் பார்த்த பின்னரே பிள்ளைகள் படுக்கைக்குச் செல்வது பல இல்லங்களில் வழக்கமாயிற்று. இதற்குக் கடுமையானதொரு விதி இருந்தது. ஒவ்வொரு படமும் இரண்டு நிமிடங்களுக்குச் சற்று அதிகமாக ஓடும். விற்க வேண்டிய பொருளைப் பற்றிப் பேசுவதற்கு இறுதி அரை நிமிடமளவே இடமுண்டு. ஆகவே, பொருளை மறைத்துக் கதையால் மக்களை இருத்திவைக்க வேண்டிய நிர்ப்பந்தம் கலைஞர்களுக்கு ஏற்பட்டது.

இஃது இலகுவான வேலையன்று. திரைப்படத்தில் ஒரு விநாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. ஒரே சித்திரத்தை இருமுறை படம்பிடித்துச் சிக்கனம் செய்தாலும், இரண்டு நிமிடச் சிரிப்புக்கு 1,440 சித்திரங்கள் வேண்டும். அத்தனை உழைப்பும் பயன்தர வேண்டுமானால், பாத்திரத்திற்கு ஒரு குணம் அமைய வேண்டும். வழுக்கி விழுவதனால் மட்டும் சிரிப்புப் பிறப்பதில்லை. இன்ன குணமுடையவன் விழுந்தான் என்பதனாலேயே பிறக்கின்றது.

ஒஸ்வால்டோ கவந்தோலி என்பவர் 1969இல் படைத்த 'லா லீனியா' இதற்குச் சான்று. ஒரேயொரு கோடு, அக்கோட்டிலிருந்தே எழுந்த பெருமூக்கு மனிதன் அதன்மேல் நடந்து செல்கின்றான். திடீரெனக் கோடு அறுந்துபோகின்றது. தன்னை வரைந்தவரையே நோக்கிச் சீறிவிழுகின்றான். பென்சில் பிடித்த கை வந்து கோட்டை நீட்டிக் கொடுக்கின்றது. கார்லோ பொனோமி என்னும் நடிகர் அவனுக்குக் கொடுத்த குரலோ எந்த மொழிக்கும் உரியதன்று, வெறும் பிதற்றல். ஆயினும் அவனுடைய கோபமும் குழைவும் எந்நாட்டாருக்கும் விளங்கும். லகொஸ்தீனா நிறுவனத்தின் சமையற் பாத்திரங்களை விற்க வந்த இந்தப் பாத்திரம், பின்னர் பல நாடுகளுக்குத் தனித்தே பயணஞ் செய்தது.

அவனுக்கு மூத்தது 'கலிமேரோ' என்னும் கோழிக்குஞ்சு. பகோட் சகோதரர்களும் இக்னாசியோ கொல்நாகியும் 1963இல் 'ஆவா' என்னும் சலவைத் தூளுக்காக இதனைப் படைத்தனர். தலையிலே உடைந்த முட்டையோடு. உடம்போ கரிய நிறம். சேற்றில் விழுந்த அக்குஞ்சைப் பெற்ற தாயே அடையாளங் காணவில்லை. போகுமிடமெல்லாம் அநீதி என்று அது புலம்பும், பார்ப்போர் சிரிப்பர், இரக்கமுங் கொள்வர். இறுதியில் ஒல்லாந்து நாட்டுப் பெண்ணொருத்தி தோன்றி, நீ கறுப்பன் அல்லன், அழுக்கன் மட்டுமே என்று தேற்றி, ஆவாத் தூளால் கழுவி வெண்மையாக்கிவிடுவாள்.

இங்குதான் நாம் சற்று நிற்க வேண்டும். எளியவன் படும் அநீதியைக் காட்டி நம் நெஞ்சை இளக்கிய கதை, கடைசி அரை நிமிடத்தில் என்ன தீர்ப்புக் கூறுகின்றது? அநீதி செய்தவர் திருந்தவில்லை. அநீதிக்குள்ளானவனின் நிறமே மாற்றப்பட்டது. படைத்தோர் தீய எண்ணங் கொண்டிருந்தனர் என்று நாம் கூறவில்லை. வெண்மையைச் சலவைத் தூள் விளம்பரம் புகழ்வது இயல்பே. ஆனால், அழுக்கையும் கறுப்பையும் ஓர் உடம்பில் சேர்த்துக் காட்டினால், பிஞ்சு உள்ளம் அவ்விரண்டையும் பிரித்துப் பார்க்குமா? மணமகள் தேவை விளம்பரங்களில் நிறமும் ஒரு தகைமையாகப் பேசப்படும் நம் சமூகத்தில், கரிய நிறக் குழந்தையொன்று அதைப் பார்த்து எவ்வாறு சிரிக்கும்?

கரொசெல்லோ 1977 ஜனவரி முதலாந் திகதியோடு முடிவுற்றது. கலிமேரோ மறையவில்லை. 1974இலேயே யப்பானிய நிறுவனமொன்று அதனை வைத்துத் தொடர்ச் சித்திரங்கள் தயாரித்தது. சலவைத் தூளை அறியாத நாட்டுப் பிள்ளைகளும் அக்குஞ்சை நேசித்தனர். பொருளினும் பாத்திரத்திற்கு ஆயுள் அதிகம். அதனாலேயே அதைப் படைப்போரின் பொறுப்பும் அதிகம்.

கோபக்காரக் கோட்டு மனிதனைப் பார்த்துச் சிரிக்கும்போது நம் குணத்தையே கண்டு சிரிக்கின்றோம். எவர் மனமும் புண்படுவதில்லை. விளம்பரத்தைப் பார்த்துப் பிள்ளைகள் சிரிப்பதைத் தடுக்க வேண்டியதில்லை. அருகிலிருந்து, யாரைப் பார்த்துச் சிரித்தாய் என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த விடையிலே, வீட்டுக்குள் வந்திருப்பது வெறும் சவர்க்காரமா, வேறெதுவுமா என்பது தெரிந்துவிடும்.