விட்டு விட்டு எரியும் சிவப்பு விளக்கு

நம்மில் பலர் இன்றும் பழைய டாடா 407 வண்டியில்தான் சரக்கு எடுக்கிறோம். 1986-இல் வந்த வண்டி, உழைக்கக் கூடியது. ஆனால் ஆயில் விளக்கு விட்டு விட்டு எரிந்தால், "ஒயர் லூசுங்க முதலாளி" என்று டிரைவர் பல்பைக் கழற்றிவிடுகிறார். லோடு நேரத்துக்கு வந்தால் போதுமென்று நாமும் பேசாமல் இருக்கிறோம். இது தவறு.

எப்போது எரிகிறது என்று கேளுங்கள். வண்டி குலுங்கும்போது மட்டும் என்றால் ஒயரையும் சுவிட்சையும் பார்க்கலாம். வளைவிலும் மேட்டிலும் எரிந்தால் ஆயில் குறைந்திருக்கலாம். செங்கம் சாலையில் சூடாக ஓடி வந்து, அடி அண்ணாமலையில் நியூட்ரலில் நிற்கும்போது எரிந்தால், பிரஷர் விழுகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். உடனே இன்ஜினை நிறுத்தி, சற்றுப் பொறுத்து ஆயில் அளவு பாருங்கள். அளவு சரியென்றால் மெக்கானிக்கிடம் பிரஷர் மீட்டர் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்ச் மாற்றுவது சிறு செலவு. பேரிங் போனால் இன்ஜின் வேலை.

ஒரு தவணை தவறி மறு தவணை கட்டும் பாக்கிதாரரை நாம் கவனிக்காமல் விடுவதில்லையே! "சரக்கு தாமதமானாலும் பரவாயில்லை, வண்டியை நிறுத்து" என்ற தைரியத்தை டிரைவருக்குத் தர வேண்டியவர் முதலாளிதான். பல்பைக் கழற்றியது டிரைவரின் கை; கழற்ற வைத்தது நமது அவசரம்.