நாயின் குறிப்பறிதல்

வள்ளுவப் பெருந்தகை 'குறிப்பறிதல்' என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்களை வகுத்தார். ஒன்று அமைச்சர்க்கு, மற்றையது காதலர்க்கு. சொல்லாததை முகத்திலே கண்டறியும் அக்கலை, வாயில்லாச் சீவனாகிய நாயின் முன்னிலையிலும் வேண்டப்படுவதாகும். தீவக மக்களுக்கோ அது உயிர்காக்குங் கலை.

நெடுந்தீவில் ஒரு குழந்தையை நாய் கடித்துக் குதறிவிட்டதென வைத்துக்கொள்வோம். அங்கே வைத்தியசாலை உண்டு. ஆயினும், காயம் கடுமையாயின் குறிகட்டுவான் வரை ஏறக்குறைய ஒரு மணி நேரம் கடலிலும், பின்னர் யாழ்ப்பாணப் போதனா வைத்தியசாலை வரை தரையிலும் செல்ல வேண்டும். கடல் கொந்தளிக்கும் நாளில் படகும் ஓடாது. நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு மக்களுக்கும் கடலே வழி. ஆகவே, கடிபடாதிருத்தலே தீவகத்தின் முதல் மருந்து.

நாய் திடீரெனக் கடித்தது என்பது நம் வழக்கு. பெரும்பாலும் அது கடிக்குமுன் பலமுறை எச்சரிக்கிறது. முகத்தைத் திருப்பும், உதட்டை நக்கும், தூக்கமின்றியே கொட்டாவி விடும், காதைப் பின்னே மடித்து, வாலைக் கால்களிடையே ஒடுக்கும். இவை அச்சத்தின் அடையாளங்கள். அச்சமுற்ற நாய்க்கு ஓட வழியில்லையேல் பல்லே துணை. உடல் விறைத்து, முதுகு மயிர் சிலிர்த்து, இமையாது நோக்குமாயின் கடி அணித்தே உள்ளது. வாலாட்டுவதெல்லாம் நட்பென்று மயங்கற்க. உயர்த்திய வாலை விறைப்பாக ஆட்டும் நாய் சினத்தின் விளிம்பில் நிற்கலாம். உறுமும் நாயை அடிப்பாரும் உளர். அடியால் உறுமல் அடங்கும், சினம் அடங்காது. அடுத்தமுறை அது உறுமாமலே கடிக்கும்.

உண்ணும் நாயையும், உறங்கும் நாயையும், குட்டி ஈன்ற நாயையும், அயல்வீட்டில் கட்டிவைத்த நாயையும் அணுகற்க. படலையைத் திறக்குமுன் வீட்டாரைக் கூப்பிடுக. நாய் பாய்ந்து வரின் ஓடற்க. அதன் கண்ணை உற்று நோக்கற்க. கைகளை உடலோடு சேர்த்து அசையாது நின்று, அது தணிந்தபின் மெல்ல விலகுக. கீழே விழுந்தால் சுருண்டு கிடந்து முகத்தையும் கழுத்தையும் மூடிக்கொள்க.

விசர்நாய்க்கு இவ்விதிகள் பொருந்தா. 1973ஆம் ஆண்டில் இலங்கையில் 377 பேர் விசர்நாய்க்கடி நோயால் மாண்டனர். தடுப்பூசியின் பயனாக அத்தொகை இந்நூற்றாண்டில் பெரிதும் சுருங்கிவிட்டது. எனினும், நோய்க்குறி தோன்றியபின் உயிர் பிழைத்தோர் மிக அரியர். எந்த நாய் கடிப்பினும் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே வைத்தியரை நாடுக. மஞ்சளும் எண்ணெயும் பூசிக் காலங்கடத்துவது உயிரோடு விளையாடுவதாகும்.

உலகில் விசர் ஐயமுள்ள விலங்குகளிடம் கடிபடுவோரில் 100க்கு 40 பேர் 15 வயதுக்குட்பட்ட சிறுவர். எனவே, இக்குறிப்பறிதலைத் தீவக ஆசிரியர்கள் வகுப்பிலே கற்பிக்க வேண்டும். 100 நாய்களில் 70க்கேனும் தடுப்பூசி ஏற்றினால் நோயின் பரவலை நிறுத்தலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணிப்பு. கடல் சூழ்ந்த சிறு தீவில் அவ்வளவை எட்டுதல் அரிதன்று. சுகாதாரப் பகுதியினரும், வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவுப் பிரதேச சபையினரும் ஆண்டுதோறும் ஊசியுடன் துறை தோறும் இறங்க வேண்டும். வளர்ப்போரும் தம் நாய்களைத் தவறாது கொண்டுவர வேண்டும். வைத்தியத்துக்குத் தடையாய் நிற்கும் அதே கடலை நோய்க்கு எதிரான அரணாக மாற்றுவது நம் கையில் உள்ளது.