ஆளில்லாத இடம்

'ஆளில்லாத இடத்துக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டு வந்தோம்' என்று சொல்லிக்கொள்வது இப்போது ஒரு பெருமையாகிவிட்டது. ஊட்டியும் கொடைக்கானலும் பழசாகிவிட்டன. அங்கெல்லாம் ஜனங்கள் இருக்கிறார்களாம்! ஆகவே நான்கு சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும் வண்டி ஒன்றில் கூடாரம், அடுப்பு, ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, ரோடு முடிகிற இடத்துக்கு அப்பால் போய்விட வேண்டும். இந்த ஆசைக்கு ஆதர்ச பூமி ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பாலைவனம். சிவந்த மண், நூறு மைலுக்கு ஒரு வீடு கிடையாது, தலைக்கு மேலே நட்சத்திரங்கள். அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்து, நம்மவர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையிலும், ஆற்று மணலிலும், தேரிக்காட்டிலும் ஆஸ்திரேலியாவைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள்.

பிரயாணம் போவதை நான் குறை சொல்லவில்லை. வண்டியோடும் எனக்கு விரோதமில்லை. நான் சண்டைக்கு நிற்பது 'ஆளில்லாத' என்ற அந்த ஒரு வார்த்தையோடுதான். அது பொய். வெறும் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அது ஆளைக் கொல்லுகிற பொய்.

அந்த ஆதர்ச பூமியிலிருந்தே தொடங்குவோம். மேற்கு ஆஸ்திரேலியாவில் கேனிங் மாட்டுப் பாதை என்று ஒன்று இருக்கிறது. நீளம் சுமார் 1,850 கிலோமீட்டர். கூடாரத்தோடு ஜீப்பில் கிளம்புகிறவர்களுக்கு அதுதான் காசி யாத்திரை. 1906-07-ல் ஆல்பிரட் கேனிங் என்ற சர்வேயர், வடக்கேயிருந்து தெற்கே மாடுகளை ஓட்டிவர அந்த வழியை அளந்தார். பாலைவனத்தில் தண்ணீர் எங்கே இருக்கிறதென்று அவருக்குத் தெரியாது. அங்கே பரம்பரையாக வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். அவர்களைப் பிடித்துக் கழுத்தில் சங்கிலி மாட்டித் தண்ணீரைக் காட்டச் செய்தார். அவருடைய கோஷ்டியில் சமையல்காரராக இருந்தவரே இந்த அக்கிரமத்தை வெளியே சொன்னார். 1908-ல் விசாரணைக் கமிஷன் உட்கார்ந்தது. கமிஷன் என்றால் என்னவென்று நமக்குத் தெரியாதா? கேனிங் மீது குற்றமில்லை என்று முடிந்தது. இன்று அந்தப் பாதையில் கிணற்றுக்குக் கிணறு நின்று படம் பிடித்துக்கொள்கிறவர்கள், 'ஆளில்லாத பூமியைக் கடந்தோம்' என்கிறார்கள். ஆளே இல்லையென்றால் அந்தச் சங்கிலி யார் கழுத்தில் கிடந்ததாம்?

அதற்கும் முன்னால் ஒரு கதை உண்டு. 1860-ல் பர்க், வில்ஸ் என்ற இரண்டு பேருடைய தலைமையில் ஒரு பெரிய பட்டாளம், இந்தியாவிலிருந்து வரவழைத்த ஒட்டகங்களோடும் வண்டி வண்டியாகச் சாமான்களோடும் மெல்போர்னிலிருந்து வடகடலை நோக்கிப் புறப்பட்டது. திரும்புகிற வழியில், 1861-ல், கூப்பர் ஓடைக் கரையில் தலைவர்கள் இருவரும் உணவின்றி வாடிச் செத்தார்கள். அதே ஓடைக் கரையில் யாண்ட்ருவாந்தா என்ற மக்கள் மீன் பிடித்துத் தின்று, குழந்தை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கோஷ்டியில் மிஞ்சிய ஒருவர், கிங் என்பவர், அந்த மக்களை அண்டிப் போய்ப் பிழைத்துக்கொண்டார். பாலைவனமா கொன்றது? 'இங்கே கேட்பதற்கு ஆளில்லை' என்ற எண்ணம்தான் கொன்றது.

நம் நாட்டில் இந்த ரக வண்டிகளில் பெயர்பெற்ற ஒன்றுக்குத் 'தார்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். தார்ப் பாலைவனம் உலகத்துப் பாலைவனங்களில் ஜன நெருக்கம் மிகுந்தது என்பதை விளம்பரக்காரர்கள் யாரும் சொல்வதில்லை. விளம்பரத்தில் வண்டி மட்டும் தனியாகப் புழுதி கிளப்பிக்கொண்டு போகும்.

ஆஸ்திரேலியாவில் 'யாருமில்லை' என்று சொன்ன மாரலிங்கா என்ற இடத்தில்தான் 1956 முதல் 1963 வரை பிரிட்டிஷார் அணு ஆயுதச் சோதனை நடத்தினார்கள். அது பழங்குடி மக்களின் மண். வெடிப்பதற்கு எப்போதும் ஆளில்லாத இடமாகத்தான் பார்க்கிறார்கள். இதை எங்கள் தாயில்பட்டிப் பக்கத்தாருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

வானம் பார்த்த கரிசல் பூமி. 'ஒன்றுக்கும் உதவாத காடு' என்று பெயர். வெடிக்கும் மருந்தும் வந்து சேர்ந்தன. மலைக்குப் போகிற உல்லாசப் பிரயாணிகள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு இந்த வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தெரிவது வேலிக்கருவேலும், எட்ட எட்ட நிற்கும் சின்னச் சின்ன அறைகளும்தான். 'இங்கே ஒன்றுமே இல்லையே!' என்கிறார்கள். ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் இத்தனை இடைவெளி இருக்க வேண்டும் என்பது சட்டம். ஓர் அறை வெடித்தால் அடுத்த அறையில் இருக்கிறவராவது பிழைக்கட்டும் என்பதற்காக அளந்து விட்ட இடம் அது. 2012 செப்டம்பர் 5-ந் தேதி முதலிப்பட்டியில் ஒரே விபத்தில் முப்பதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். ஒன்றுமில்லை என்று நீங்கள் சொல்லும் அந்தப் பொட்டலை ஒவ்வொரு அடியும் உயிரை வைத்து அளந்திருக்கிறோம், ஐயா!

பக்கத்திலேயே வெம்பக்கோட்டை இருக்கிறது. அங்கே வைப்பாற்றங்கரையில் வெறும் மேடாகக் கிடந்த இடத்தைத் தொல்லியல் துறையினர் 2022-ல் தோண்ட ஆரம்பித்தார்கள். சங்கு வளையலும், பாசிமணியும், சுடுமண் பொம்மையுமாக வந்துகொண்டே இருந்தன. மண்ணுக்கு மேலே ஆளில்லை என்று சொன்ன இடத்தில் மண்ணுக்கு அடியிலும் ஆள் இருந்திருக்கிறான்.

'மலைக்காடாவது ஆளில்லாத காடுதானே?' என்று கேட்பீர்கள். 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம் என்று அறிவிக்கப்பட்ட அந்த மலையின் அடிவாரத்தில், செண்பகத்தோப்பிலும் தாணிப்பாறையிலும், பளியர்கள் இருக்கிறார்கள். எந்த ஓடையில் எப்போது தண்ணீர் சீறி வரும், யானை எந்தத் தடத்தில் இறங்கும், எந்தச் சரிவில் புல் காய்ந்து கிடக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 23 பேர் உயிரிழந்தார்கள். கால்நடையாக மலை பார்க்க வந்த இளம் பிள்ளைகள். அவர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. காய்ந்த புல் மண்டிய சரிவு மாசி மாதத்தில் எப்படி இருக்கும் என்பது மலையடிவாரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்த சங்கதி. தீப்பிடித்ததும் முதலில் மேலே ஓடியவர்களும் கீழேயிருந்த கிராமத்தார்தான்.

இங்கேதான் வண்டியின் குற்றம் வருகிறது. பஸ்ஸில் போய் இறங்குகிறவன் டீக்கடையில் வழி கேட்டாக வேண்டும். நடந்து போகிறவன் ஒரு வீட்டு வாசலில் தண்ணீர் கேட்டாக வேண்டும். கேட்கும்போது, 'அந்தப் பக்கம் போகாதே தம்பி' என்று ஒரு கிழவி சொல்லுவாள். ஐஸ் பெட்டியும் வரைபடமும் கூடாரமும் கொண்ட வண்டி யாரிடமும் எதையும் கேட்க வேண்டாத வண்டி. எந்தப் பள்ளத்திலும் ஏறும், இறங்கும். ஒரு வாசலில் மட்டும் நிற்காது.

'உங்கள் ஊராருக்குப் பணம் வருகிறதே' என்பது அடுத்த வாதம். வரட்டும். கொழுக்குமலைக்குச் சூரியநெல்லியிலிருந்து ஜீப் ஓட்டுகிற டிரைவர் அந்த மலையோடு பழகியவர். அவரை நம்பி ஏறுவதில் ஒரு தவறும் இல்லை. தமிழ்நாட்டு அரசு 2024-ல் தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் பழங்குடி இளைஞர்களையே வழிகாட்டிகளாக வைத்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவிலும் கேனிங் பாதையில் போக இன்று அந்த மண்ணின் மக்களிடம் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். உளுரு என்ற அவர்களுடைய புனிதப் பாறையின் மேல் ஏறுவது 2019 அக்டோபரில் நின்றது. வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் கீழே நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். யாருக்கும் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

கூடாரம் போட்டுத் தங்குவது நமக்குப் புதிதும் அல்ல. அறுவடை முடிந்த கரிசல் காட்டுக்கு ராமநாதபுரத்துப் பக்கத்திலிருந்து கீதாரிகள் ஆட்டு மந்தையோடு வருவார்கள். காட்டுக்காரரிடம் கேட்டு, அவர் காட்டுகிற இடத்தில் கிடை போடுவார்கள். இரவு அங்கேயே படுக்கை. தலைக்கு மேலே அதே நட்சத்திரங்கள்தான். காலையில் அவர்கள் கிளம்பிப் போன இடத்தில் எரு கிடக்கும். அதற்காகக் காட்டுக்காரர் கூலி கொடுத்து அனுப்புவார். நம் வண்டிக்காரர்கள் கிளம்பிப் போன இடத்தில் உடைந்த பாட்டில் கிடக்கிறது. அதை மிதிப்பது ஆடு மேய்க்கிற பையனின் காலாக இருக்கலாம், யானையின் காலாகவும் இருக்கலாம்.

போங்கள், தாராளமாகப் போங்கள். ஆனால் ரோடு முடிகிற இடத்தில் ஒரு நிமிஷம் வண்டியை நிறுத்தி இறங்குங்கள். அங்கே கட்டாயம் ஒரு வீடு இருக்கும். உள்ளே போகலாமா என்று அந்த வீட்டில் கேளுங்கள். போகலாம் என்றால் போங்கள். வேண்டாம் என்றால் திரும்பிவிடுங்கள். பின்பக்கம் போவதற்கும் அந்த வண்டியில் கியர் இருக்கிறது.