கேட்போர் தரும் காசும் உழைப்போர் குரலும்

தொழிலாளர்களே உரிமையாளர்களாக இருக்கும் கூட்டுறவுகளைப் பற்றித் தமிழில் ஒரு வலையொலித் தொடர் வேண்டும் என்ற விருப்பம் செயற்பாட்டாளர்களிடையே அவ்வப்போது எழுகிறது. கருவிக்குப் பெருஞ்செலவில்லை, ஒரு கைபேசியே போதும். ஆனால் ஊர் ஊராகச் சென்று பதிவுசெய்து தொகுப்பவரின் கூலியை யார் தருவது என்ற இடத்தில்தான் முயற்சி நின்றுவிடுகிறது. அமெரிக்காவில் ‘டெமாக்ரசி அட் ஒர்க்’ அமைப்பு வெளியிடும் ‘ஆல் திங்ஸ் கோ-ஆப்’ போன்ற தொடர்கள் ஆதரவாளர்களின் பங்களிப்பில் நடப்பதைக் காட்டி, நாமும் அவ்வாறே செய்யலாம் என்கிறார்கள். செய்யலாம், ஆனால் அதை வேரோடு பெயர்த்து இங்கே நட முடியாது.

முதல் தடை சட்டம். 2010ஆம் ஆண்டின் அயல்நாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, ஒலிச் செய்திகளையோ நடப்பு நிகழ்ச்சிகளையோ மின்னணு வழியில் தயாரிக்கும் சங்கமோ நிறுவனமோ அயல்நாட்டுப் பங்களிப்பைப் பெறுவதைத் தடைசெய்கிறது. கூட்டுறவைப் பற்றிப் பேசுவது எப்படி நடப்பு நிகழ்ச்சியாகும் என்று மாணவர்கள் கேட்கலாம். மாநகராட்சியின் ஒப்பந்த முறையையும் மலக்குழி மரணங்களையும் தொடாமல் தூய்மைப் பணியாளர் கூட்டுறவைப் பற்றி ஒரு பகுதியைக்கூட நேர்மையாகத் தயாரிக்க இயலாது. தொட்டால், நடப்பு நிகழ்ச்சி அன்று என்று நீதிமன்றத்தில் வாதிடுவது கடினம். மீறலுக்கு ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. துபாயில் வேலைசெய்யும் இந்தியக் குடிமகன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை இத்தடைக்குள் வராது. கனடியக் குடியுரிமை பெற்றுவிட்ட அவருடைய தங்கை அனுப்பும் 100 ரூபாய் வரும். எனவே பணம் பெறுமுன் குடியுரிமையைக் கேட்டே ஆகவேண்டும்.

எஞ்சுவது இங்குள்ள கேட்போரே. இது நமக்குப் புதிதன்று. 1907இல் அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய இதழ் தன் விலையையே பெயராகச் சூடியிருந்தது: ‘ஒரு பைசாத் தமிழன்’. 1920இல் அண்ணல் அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்க, கோல்ஹாப்பூர் சாகு மகாராஜர் 2,500 ரூபாய் தந்தார். அவ்விதழின் விளம்பரத்தைக் கட்டணம் பெற்று வெளியிடவும் ‘கேசரி’ மறுத்தது. புரவலரின் தொகை இதழைப் பிறப்பித்தது; நெடுங்காலம் நிலைநிறுத்தவில்லை.

அதற்காகக் கேட்போர் நிதியைப் புனிதப்படுத்தவும் வேண்டா. மாதம் 200 ரூபாயை ஒதுக்கக்கூடியவர் யார்? புனே நகரின் ‘ஸ்வச்’ கூட்டுறவை எடுத்துக்கொள்வோம். குப்பை சேகரிப்போர் 1993இல் அமைத்த சங்கத்திலிருந்து கிளைத்தது அது. உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் தலித் பெண்கள். வீடுகள் மாதக் கட்டணம் செலுத்துகின்றன. கூட்டுறவின் உரிமையோ குப்பை எடுக்கும் அப்பெண்களிடம் இருக்கிறது. கட்டணம் தருவதால் வீட்டுக்காரர் உரிமையாளர் ஆகிவிடுவதில்லை. ஆனால் இப்பெண்களைப் பற்றிய வலையொலிக்குப் பணம் அனுப்பும் வசதி படைத்தோர், பெரும்பாலும் அக்கட்டணத்தைச் செலுத்தும் வீடுகளில் வாழ்வோரே. அவர்களுள் பலருக்கு வெற்றிக்கதை இனிக்கும், சாதி கசக்கும். 11 மாநிலங்களின் 565 ஊர்களை ஆராய்ந்து 2006இல் வெளியான தீண்டாமை ஆய்வு, தலித்துகளின் பாலைக் கூட்டுறவுச் சங்கத்தில் ஊற்றவிடாத ஊர்களைப் பதிவுசெய்திருக்கிறது. அதைப் பேசும் வாரத்தில் எத்தனை பேர் பங்களிப்பை நிறுத்துவர் என்ற கணக்கு தயாரிப்பாளரின் மனத்தில் நுழைந்துவிட்டால், விளம்பரதாரரை வெளியே நிறுத்தியதில் என்ன பயன்?

ஆகவே, நிதியின் கணிசமான பகுதி உழைப்போரின் கூட்டுறவுகளிடமிருந்தே, கூட்டுக் கேட்போர் என்ற நிலையில் வரவேண்டும் என்கிறோம். உலகக் கூட்டுறவு இயக்கத்தின் ஏழு கொள்கைகளுள் ஐந்தாவது கல்வி, பயிற்சி, தகவல் ஆகியவற்றைக் கடமையாக்குகிறது. 2002ஆம் ஆண்டின் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம், 63ஆம் பிரிவில், நிகர லாபத்தில் 1 விழுக்காட்டைக் கூட்டுறவுக் கல்வி நிதிக்குச் செலுத்தச் சொல்கிறது. அந்நிதி சங்கத்தின் கையில் இருப்பதில்லை. ஆனால் அதே பிரிவு, கூட்டுறவு இயக்க வளர்ச்சிக்கென நிகர லாபத்தில் 5 விழுக்காடு வரை நன்கொடை வழங்கவும் இடந்தருகிறது. இந்தக் கதவை நம்மில் எவரும் தட்டுவதில்லை. மாநிலச் சட்டங்களின்கீழ்ப் பதிவான சங்கங்கள் தத்தம் சட்டத்தையும் துணைவிதிகளையும் பார்த்துப் பொதுக்குழுவில் தீர்மானம் இயற்ற வேண்டும். முப்பது பெண்கள் கொண்ட ஒரு சிறு சங்கம் அவ்வாறு ஒரு தொகையை அளித்தால், தனித்தனியே 50 ரூபாய்கூடத் தர இயலாத முப்பது பேரும் ஆதரவாளர் பட்டியலில் இடம்பெறுவர்.

இதிலும் ஆபத்து உண்டு. பால் சங்கத்திடம் பணம் வாங்கியவருக்குப் பால் சங்கத்தின் தீண்டாமையைப் பேச நா எழாது. எனவே எந்தவொரு சங்கத்தின் பங்கும் மொத்த வரவில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது. 50 ரூபாய் தந்தவருக்கும் 5,000 ரூபாய் தந்தவருக்கும் ஆண்டுக் கூட்டத்தில் ஒரே வாக்கு. அவ்வாக்கும் கணக்கைப் பற்றியதாக மட்டுமே இருக்கவேண்டும், எதைப் பேசலாம் என்பதைப் பற்றியதாக அன்று. தொகுப்பாளரின் கூலி முதற்செலவாக எழுதப்பட வேண்டும். தோழமையின் பெயரால் இலவச உழைப்பைக் கேட்கும் வழக்கம் நம் அமைப்புகளிலும் இருக்கத்தான் செய்கிறது. மாத வரவுசெலவு தொடரின் ஒலியிலேயே வாசிக்கப்படட்டும். எழுதப்படிக்கத் தெரியாத உறுப்பினருக்கும் அது சென்று சேரும்.